மூன்று மின்கம்பம்

நேயர்களுக்கு வணக்கம். காலையில் பல் துலக்கக் குனிந்தபோது இடுப்பில் சுரீரென்று பிடித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். பெரும்பாலும் சில வாரங்களில் அது விட்டுவிடும். மூன்று மாதம் தாண்டியும் விடாத வலியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நான் காஞ்சிபுரத்தில் பிசியோதெரபி பார்ப்பவள். நெசவாளர்கள் நிறையப் பேர் வருவார்கள். அப்படி வந்த ஒருவர், ஐம்பது வயதுக்காரர். தறிக்குழியில் காலை விட்டு, துணிமேல் குனிந்தே உட்கார்ந்து பழகிய உடம்பு. மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். சட்டைக்கு மேலே இடுப்பு பெல்ட். அதன் ஓரமெல்லாம் வியர்வை காய்ந்து உப்புப் பூத்திருந்தது. இரண்டு மாதமாகக் குளிக்கும்போது தவிர கழற்றவில்லை, படுக்கையை விட்டும் அதிகம் எழவில்லை. ஸ்கேன் படத்தைப் பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்தார். பட்டுப்புடவையைப் பிரிப்பது போல மெதுவாகப் பிரித்து நீட்டினார்.

"டிஸ்க் பிதுங்கியிருக்குன்னு எழுதியிருக்கும்மா. குனிஞ்சா வெளியே வந்துடுமாமே?"

டிஸ்க் என்பது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் தட்டு. அது வெளியே வந்துவிடும் என்ற பயம்தான் அவரைப் படுக்க வைத்திருந்தது. முதுகு வலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களை 2015இல் ஒரு ஆய்வில் தொகுத்துப் பார்த்தார்கள். 50 வயதுக்காரர்களில் 100க்கு 60 பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. மறுபடியும் சொல்கிறேன், அவர்களுக்கு வலியே இல்லை. தலை நரைப்பது மாதிரி, வயதோடு வருவது அது.

படத்தை ஓரமாக வைத்துவிட்டு அவரிடம் வேறு சில கேள்விகள் கேட்டேன். அவற்றை நீங்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இல்லாமல் போகிறதா? உட்காரும் இடம் மரத்துப் போயிருக்கிறதா? காலில் பலம் குறைகிறதா? இந்த மூன்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, இரவில் தூங்கவிடாத வலி இருந்தாலும் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். நம் ஊரில் முதுகெலும்பில் காசநோய் வருவதும் உண்டு.

அவருக்கு இதில் எதுவும் இல்லை. சரி, வீட்டு வாசலிலிருந்து மூன்று மின்கம்பம் வரை போய்த் திரும்புங்கள், காலையும் மாலையும் என்றேன்.

"வலி போனதும் நடக்கிறேம்மா."

"நடந்தால்தான் அண்ணே வலி குறையும்."

இதை அவரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேனோ! வலி நாள்பட்டால், திருடன் போன பிறகும் குரைத்துக்கொண்டே இருக்கும் நாய் மாதிரி நரம்புகள் ஆகிவிடும். அசைந்தால் ஆபத்தில்லை என்று அவற்றுக்குப் பழக்க வேண்டும். படுத்தே கிடந்தால் தசையும் தளரும், பயமும் வளரும். அதனால்தான் மூன்று கம்பம். வலி கூடினால் மறுநாளும் அதே மூன்று. தாங்கினால் நாலு.

முதல் வாரம் என்மேல் அவருக்குக் கோபம். மூன்றாம் வாரம் பெல்ட் இல்லாமல் வந்தார். அப்புறம் ஒரு நாள் விடியற்காலையில் அவர் மகன் போன் செய்தார். தெருவில் பாவு, அதாவது தறிக்கான நீள நூல்களை, நீட்டியிருந்தார்களாம். அப்பா ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நூலைப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறார். நடுவில் ஒரு இழை அறுந்து கிடந்திருக்கிறது. "அப்பா குனிஞ்சு முடிச்சுப் போட்டாரும்மா" என்று சொல்லும்போது அந்தப் பையனுக்குக் குரல் கம்மிவிட்டது.

வலி முழுக்கப் போய்விடவில்லை, சாயங்காலம் கொஞ்சம் இருக்கிறது என்கிறார். ஆனால் தறியில் உட்கார்கிறார். நாடாவில் வைக்கும் நூல் சுற்றிய தார் இரண்டு தீர்ந்தால் ஒருமுறை குழியிலிருந்து எழுந்து நிற்கிறார்.

ஆஸ்திரேலியாவில் முதுகு வலி வந்து குணமான 701 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2024இல் வெளியானது. நடைப்பயிற்சி கற்றுக்கொண்டவர்களில் பாதிப்பேருக்கு வலி திரும்ப 208 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 112 நாள்தான். நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023இல் தந்த வழிகாட்டுதலும் உடற்பயிற்சியைச் சொல்கிறது. பெல்ட்டும், இடுப்பை இழுத்துப் பிடிக்கும் இழுவைச் சிகிச்சையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது.

நேரம் முடியப் போகிறது என்று கை காட்டுகிறார்கள். தூக்கத்தைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். வெறும் பலகையில் படுத்தால்தான் நல்லது என்பார்கள், அது தேவையில்லை. ஸ்பெயினில் 313 பேரை வைத்துப் பார்த்ததில் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரமானதே நல்ல பலன் தந்தது. ஒருக்களித்துப் படுப்பவர்கள் முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்துப் பாருங்கள். வலி மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் மாதக்கணக்கில் போடாதீர்கள், சிறுநீரகத்துக்கு ஆகாது. வணக்கம்.