பெடல் ஒரு சுற்றில் டைட், லூஸ், மறுபடி டைட்: குற்றவாளி செயின் இல்லை!

வணக்கம் மக்களே. அதே மதுரை செல்லூர் மொட்டை மாடி, அதே தண்ணீர் டேங்க், பக்கத்தில் தலைகீழாக நிற்கிறது நம்ம கறுப்பு சிங்கிள் ஸ்பீடு, அதாவது கியர் இல்லாத சைக்கிள். போன வாரம் அழகர்கோவில் போகிற வழியில், கடச்சனேந்தல் தாண்டி, பெடல் சுற்றச் சுற்ற டைட்டும் லூஸுமாகிக்கொண்டிருந்த செயின் கழன்று, மூன்றுமாவடி வரைக்கும் நான் தள்ளிக்கொண்டே வந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். "சரியாச்சா, சரியாச்சா" என்று அத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள். சரியாகிவிட்டது மக்களே! ஆனால் அதற்கு முன்னால் 380 ரூபாய் கதையைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது.

தள்ளிக்கொண்டு வந்த அன்றைக்கே ஒரு கடையில் காட்டினேன். எந்தக் கடை என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அவர் பெடலை ஒரு சுற்றுகூடச் சுற்றிப் பார்க்கவில்லை. செயினை விரலால் ஒரு தட்டு தட்டினார். "செயின் போச்சு, பிரீவீலும் போச்சு, எல்லாத்தையும் மாத்திரலாம், 1,850 ஆகும்" என்றார். பிரீவீல் என்றால் பின் வீலில் செயின் ஓடுகிற பல் சக்கரம். செயின் மட்டும் போதும் என்று 380 கொடுத்துப் போட்டுக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் சுற்றிப் பார்க்கிறேன், அதே டைட், அதே லூஸ்! புதுச் செயின், பளபளவென்று எண்ணெயோடு, அதே இடத்தில் தொங்குகிறது. 380 ரூபாய் மக்களே. அந்தக் காசுக்கு நல்ல டியூப் வாங்கி மிச்சத்தில் கிரீஸும் வாங்கியிருப்பேன். பணம்கூடப் பரவாயில்லை, பார்க்காமலே தீர்ப்புச் சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை.

அப்புறம் அந்தப் பழைய செயினை வீட்டில் வைத்து அளந்தேன். இரும்பு ஸ்கேலை ஒரு பின்னின் நடுவில் வைத்து, அங்கிருந்து 24 கண்ணி எண்ணுங்கள். ஒரு கண்ணிக்கு அரை இன்ச், அதனால் புதுச் செயினில் சரியாக 12 இன்ச் வரும். 12 இன்ச்சுக்கு மேல் ஒரு இன்ச்சில் பதினாறில் ஒரு பங்கு ஓடியிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு ஓடியிருந்தால் அது பல்லையும் சேர்த்துத் தின்றிருக்கும். என்னுடையது 12 இன்ச்சுக்கு மேல் ஒரு மயிரிழை. நல்ல செயின் மக்களே, நல்ல செயினைக் கழற்றிவிட்டோம்!

மறுநாள் எங்கள் தெருக்கோடியில் சைக்கிள் கடை வைத்திருக்கிற பெரியவரிடம் போனேன். அவர் வண்டியைத் தொடுவதற்கு முன்னால் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தம்பி, டைட்டு பெடல் சுத்துக்கு ஒரு தடவை வருதா, இல்ல வீல் சுத்துக்கு ஒரு தடவையா?" எனக்குப் பதில் தெரியவில்லை. "போய்ப் பாத்துட்டு வாங்க" என்று ஒரு சாக்பீஸைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். காசு வாங்கவில்லை. இப்படிப்பட்டவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இங்கே பாருங்கள், கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். முன்னால் பெடலோடு சேர்ந்து சுற்றுகிற பல் சக்கரமான செயின் வீலில் 46 பல், பின்னால் பிரீவீலில் 18, செயினில் 102 கண்ணி. மூன்றும் மூன்று வேகத்தில் சுற்றிவருகின்றன. பெடல் ஒரு முறை சுற்றினால் பிரீவீல் இரண்டரை முறைக்குக் கொஞ்சம் கூடவே சுற்றும். செயின் முழுசாக ஒரு வலம் வர பெடல் இரண்டு சுற்றுக்கு மேல் போக வேண்டும். எங்கேயாவது ஒரு கண்ணி மடங்காமல் விறைத்து நின்றால் டைட் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் தலைகாட்டும். பிரீவீல் கோணல் என்றால் ஒரே சுற்றுக்குள் இரண்டு மூன்று தடவை வரும். பெடல் சுற்றுக்குச் சரியாக ஒரு தடவை, அதுவும் அதே இடத்தில் வந்தால் செயின் வீல்தான். டைட் ஆகும் இடத்தில் செயின் வீலில் சாக்பீஸால் கோடு போட்டேன். பத்துச் சுற்று சுற்றினேன். பத்து தடவையும் அந்தக் கோடு அதே இடத்தில் வந்து நின்றது!

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். போன மாதம் 44 பல் செயின் வீலைக் கழற்றிவிட்டு இந்த 46 போட்டேனே, அந்த வீடியோ ஞாபகம் இருக்கிறதா? ஐந்து போல்ட்டையும் மாடியில் உட்கார்ந்து நானே முடுக்கினேன். ஒரு போல்ட்டை முழுசாக முடுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனேன். அங்கேதான் செயின் வீல் ஒரு பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறது. போல்ட்டை விட ஓட்டை ஒரு துளி பெரிசு, அந்த இடைவெளியில் நகர்ந்துவிடும்.

எவ்வளவு நகர்ந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அரை மில்லிமீட்டர் போதும். பாதிச் சுற்றில் அரை மில்லி முன்னே, மறுபாதியில் அரை மில்லி பின்னே, மொத்தம் ஒரு மில்லி. செயின் மேலும் கீழும் ஓடுவதால் 2 மில்லி மிச்சம் விழுகிறது. முன், பின் பல் சக்கரங்களின் மையங்களுக்கு நடுவே 44 சென்டிமீட்டர். அவ்வளவு நீளத்தில் அந்த 2 மில்லி மிச்சம் நடுவில் 2 சென்டிமீட்டர் தொங்கலாகத் தெரியும். ஸ்கேலை நட்டமாக வைத்து, செயினை விரலால் அழுத்தி அளந்தேன். கோடு இருக்கிற இடத்தில் 3 மில்லி, எதிர்ப்பக்கம் 21.

அன்றைக்கு ரோட்டில் நான் பண்ணிய தப்பு இதுதான். தொங்குகிற இடத்தில் பார்த்துப் பின் வீலை இழுத்து முடுக்கினேன். டைட் இடம் வந்ததும் பெடல் முனகியது. எப்போதும் ரொம்ப டைட்டான இடத்தில் வைத்துத்தான் செட் பண்ண வேண்டும். இல்லையென்றால் பால்ரஸ் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

சரி, வேலைக்கு வருவோம். 5 மில்லி ஆலன் கீயால் ஐந்து போல்ட்டையும் தளர்த்தி, விரலால் முடுக்குகிற அளவுக்கு மட்டும் பிடிக்க வைத்தேன். செயின் வீல் தானாக ஆடக் கூடாது, தட்டினால் நகர வேண்டும். பெடலை மெல்லச் சுற்றி, டைட் ஆகும் இடத்தில் நிறுத்தி, விறைத்து நிற்கும் செயினின் நடுவில் அம்மாவின் பூரிக்கட்டையால் ஒரு தட்டு. டொக். செயின் வீல் ஒரு இழை பின்னால் போகும். மறுபடி சுற்றினால் டைட் இடம் வேறு பக்கம் போயிருக்கும். அங்கே ஒரு தட்டு. சுற்றும்போது விரலைச் செயின் பக்கம் கொண்டுபோகவே போகாதீர்கள், பல்லுக்கு நடுவில் மாட்டினால் நகம் மிஞ்சாது. நிறுத்திவிட்டுத்தான் தட்ட வேண்டும்.

நாலைந்து தட்டில் முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. ஒரு பக்கம் நகரவே மறுத்தது. இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்: செயின் வீலை முழுசாகக் கழற்றிப் பார்த்தால், கிராங்கின், அதாவது பெடலைத் தாங்குகிற தண்டின், ஐந்து கைகளில் ஒன்றில், வீல் உட்காரும் விளிம்பில் கறுப்பு பெயின்ட் ஒரு கடுகு அளவு கட்டியாக நிற்கிறது! நகத்தால் தடவினால்தான் தெரிகிறது. பிளேடால் சுரண்டி எடுத்தேன். மறுபடி மாட்டித் தட்டினேன், ஆறாவது தட்டில் டைட் இடம் எது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. கத்திவிட்டேன், அம்மா என்னவோ ஏதோ என்று மேலே ஓடிவந்தார்கள். அப்புறம் போல்ட்டுகளை ஒன்று விட்டு ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, பின் வீலை நேராக்கி நட்டை இறுக்கினேன்.

பழைய செயினையே திரும்பப் போட்டுவிட்டேன், புதுசு ஆணியில் தொங்குகிறது. நேற்றுக் காலை அழகர்கோவில் போய் வந்தேன், அப்பன் திருப்பதி தாண்டிக்கூடச் செயின் சத்தமே கேட்கவில்லை. இப்போது உங்கள் கண் முன்னால் நாலு இடத்தில் ஸ்கேல் வைக்கிறேன், மில்லிக் கணக்கில் நம்பரைப் பாருங்கள். 12. கால் சுற்று, 12. இன்னொரு கால், 11. கடைசி, 12.