சீஸ் மூடிவந்த ஈயத்தில் வார்த்த தமிழ் எழுத்து: சீகன்பால்க் கதை

வணக்கம் நண்பர்களே! இங்கிலாந்திலிருந்து தரங்கம்பாடிக்கு செஷயர் சீஸ் வந்திறங்குகிறது. கடல் பயணத்தில் கெட்டுவிடாமல் இருக்க ஈயத் தகட்டால் மூடியிருக்கிறார்கள். அந்த ஈயத்தை ஒருவர் எடுத்து உருக்குகிறார். உருக்கி, தமிழ் எழுத்து வார்க்கிறார்.

இது கட்டுக்கதை இல்லை. நடந்து 300 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்த எழுத்துக்குப் பின்னால் இருந்தவர் 36 வயதிலேயே இறந்துபோன ஒரு ஜெர்மானிய நற்செய்தியாளர். பர்த்தலோமேயு சீகன்பால்க்.

பின்னணியை வேகமாகப் பார்த்துவிடுவோம். 1682இல் சாக்சனியில் உள்ள புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் இந்தியாவுக்கு மிஷனரிகளை அனுப்ப விரும்பினார். தரங்கம்பாடி அப்போது டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. 1706 ஜூலையில் சீகன்பால்க்கும் அவருடைய நண்பர் புளூட்சோவும் அங்கே வந்து இறங்கினார்கள். அவ்வளவுதான் பின்னணி.

இறங்கியதும் இவர் என்ன செய்தார் தெரியுமா? பிரசங்கம் பண்ணவில்லை, பள்ளிக்கூடம் போனார்! வயதான வாத்தியார் ஒருவரைப் பிடித்து, அவருடைய பள்ளியைத் தாங்கள் தங்கியிருந்த வீட்டிலேயே நடத்தச் சொன்னார்கள். இவரும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரல் வைத்து அ, ஆ எழுதினார். வயது 24. லத்தீனும் கிரேக்கமும் படித்த மனிதர், சின்னப் பையன்களுக்குப் பக்கத்தில் மணலைத் தடவி அழித்து மறுபடி எழுதுகிறார். இவருடைய ஊழியத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

அப்புறம் சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். உலகநீதி, கொன்றைவேந்தன் போன்ற நீதிநூல்களை 1708இலேயே ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். அதே ஆண்டில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கவும் தொடங்கினார். நடுவே டேனிஷ் ஆளுநரோடு மோதல் வந்து, டேன்ஸ்பர்க் கோட்டையில் நான்கு மாதம் சிறை. வெளியே வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து 1711இல் முடித்துவிட்டார்.

சரி, மொழிபெயர்ப்பு தயார். அச்சடிப்பது எப்படி? இந்த இடத்தில்தான் நான் நின்று பேசப்போகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லண்டனில் இருந்த ஒரு கிறிஸ்தவச் சங்கம் அச்சு இயந்திரம் அனுப்பியது, கூடவே ஓர் அச்சுத் தொழிலாளியையும். வழியில், பிரேசில் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துவிட்டார்கள். இயந்திரம் ஒருவழியாகத் தப்பியது. அந்தத் தொழிலாளி தப்பவில்லை, வழியிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். 1712இல் இயந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது.

இயந்திரம் இருக்கிறது, தமிழ் எழுத்து இல்லை. எழுத்து மாதிரிகள் ஜெர்மனியில் உள்ள ஹாலே நகருக்குப் போயின. தமிழைக் காதால்கூடக் கேட்டிராதவர்கள், வெறும் வடிவத்தைப் பார்த்தே அச்சு வெட்டினார்கள். ஓர் எழுத்து செய்வதே பெரிய வேலை. முதலில் எஃகுத் துண்டின் முனையில் எழுத்தைத் தலைகீழாக, கண்ணாடியில் தெரிவதுபோலச் செதுக்க வேண்டும். அதைச் செம்பில் அடித்துப் பள்ளம் பதிக்க வேண்டும். அந்தப் பள்ளத்தில் ஈயக் கலவையை ஊற்றினால்தான் அச்செழுத்து கிடைக்கும். ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, அதன் பெரிய வடிவம், சின்ன வடிவம், அவ்வளவுதான். நம் உயிர்மெய்யை நினைத்துப் பாருங்கள். கு, சு, டு, மு, ரு... உகரம் ஒன்றுதான், சுழியும் காலும் எழுத்துக்கு எழுத்து மாறும்!

1713இல் ஹாலே எழுத்துகள் வந்தன. பிரித்துப் பார்த்தால் ரொம்பப் பெரிசு! ஒரு பக்கத்தில் கொஞ்சம்தான் அடங்குகிறது. காகிதமோ ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தாக வேண்டும். 1714இல் புதிய ஏற்பாட்டின் முதல் ஐந்து நூல்கள், அதாவது நான்கு நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும், அச்சாயின. மீதிக்குக் காகிதம் போதாது என்ற நிலை.

சின்ன எழுத்து வார்க்க வேண்டும், அதற்கு ஈயம் வேண்டும். ஜெர்மனியிலிருந்து வந்திருந்த ஆட்லர் என்ற எழுத்து வார்ப்பாளர் கண்ணில் அந்தச் சீஸ் மூடிகள் பட்டன. ஈயம் சுமார் 327 டிகிரியிலேயே உருகிவிடும், பெரிய உலை தேவையில்லை. இப்படித்தான் நம் மண்ணில் சின்னத் தமிழ் எழுத்து பிறந்தது. 1715இல் புதிய ஏற்பாடு முழுமையானது. காகிதத்துக்கும் பொறையாறு பக்கத்திலேயே ஆலை வைத்தார்கள். அந்த இடத்தின் பெயர் கடுதாசிப்பட்டறை.

ஒரு திருத்தம். தமிழில் முதன்முதலில் அச்சடித்தவர் சீகன்பால்க் என்று பல வீடியோக்களில் சொல்கிறார்கள். தவறு. 1578இலேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகிவிட்டது. இவருடைய பெருமை வேறு. இந்திய மொழி ஒன்றில் முதன்முதலாக அச்சேறிய புதிய ஏற்பாடு இவருடையது. பொய்ப் பட்டம் அவருக்குத் தேவையே இல்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தென்னிந்தியத் தெய்வங்கள் பற்றி 1713இல் விரிவாக எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அந்தச் சமயத்தை ஒழிக்கத்தான் உங்களை அனுப்பினோம், இங்கே பரப்புவதற்கு அல்ல என்ற தொனியில் அங்கிருந்தவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. மதம் மாற்ற வந்தவர்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் எதிரில் இருப்பவர் என்ன நம்புகிறார் என்று உட்கார்ந்து படித்துவிட்டுப் பேசினார். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன்.

1719 பிப்ரவரியில் இறந்தார். பழைய ஏற்பாட்டில் ரூத் என்ற நூல் வரைதான் மொழிபெயர்த்து முடிந்திருந்தது. அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இன்றும் தரங்கம்பாடியில் இருக்கிறது. அவரை அடக்கம் செய்ததும் அதற்குள்ளேதான்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் கோட்டையோடு திரும்பிவிடாதீர்கள். ஆலயத்தையும் பார்த்துவிட்டு, கடுதாசிப்பட்டறைக்கும் ஒரு நடை போய்வாருங்கள். உங்கள் வீட்டில் தாத்தா காலத்துத் தமிழ் வேதாகமம் இருந்தால், முதல் பக்கத்தில் எந்த ஆண்டு, எந்த ஊர் அச்சு என்று பார்த்துக் கமெண்டில் எழுதுங்கள். ஒன்று விடாமல் படிப்பேன்.