நடுவர் அவர்களே, நான் ஜனிஸ் ஜொப்ளின் கட்சி

நடுவர் அவர்களுக்கும், மற்ற இரண்டு அணிப் பேச்சாளர்களுக்கும், மழை இருட்டிக்கொண்டு வருவது தெரிந்தும் கதிரையை விட்டு எழும்பாத அவையோருக்கும் வணக்கம்.

இந்த ஊரில் பட்டிமன்றம் என்றால் கைகேயியையோ கும்பகர்ணனையோ கூண்டில் ஏற்றுவதுதான் வழக்கம். இன்றைக்கு ‘ரொக் இசையின் தலைசிறந்த குரல் யாருடையது?’ என்று கேட்கிறார்கள். குயீன் குழுவின் பாடகர் பிரெடி மேர்க்குரிக்கு ஓர் அணி, லெட் செப்பலின் குழுவின் பாடகர் ரொபேட் பிளான்டுக்கு ஓர் அணி, அமெரிக்கப் பாடகி ஜனிஸ் ஜொப்ளினுக்கு நாங்கள். அழைப்பிதழைப் பார்த்த என் பெரியம்மா, “மூன்று பேரும் எந்தக் கோயில் திருவிழாவில் பாடினவை?” என்று கேட்டார். கேள்வியில் பிழை இல்லை. ஆட்களுக்கு முன்னால் நின்று பாடினால்தான் பாடகர் என்பது பெரியம்மாவின் கணக்கு. என் கணக்கும் அதுதான்.

முதலில் பிரெடி அணித் தம்பி. அழகாகப் பேசினார். கிழக்கு ஆபிரிக்கத் தீவான சான்சிபாரில் பிறந்த பார்சிப் பிள்ளை, 1964 புரட்சியோடு குடும்பமாக இங்கிலாந்துக்கு ஓடிப்போனவர் என்று அவர் சொன்னபோது மண்டபத்தில் பாதிப் பேருக்கு நெஞ்சு இளகியது. எனக்கும்தான். எங்கள் வீடுகளில் யார்தான் அப்படிப் போகவில்லை? ஆனால் நடுவர் ஐயா, இடம்பெயர்ந்ததற்குப் புள்ளி போட்டால் இந்த மாவட்டத்தில் எல்லாரும் ரொக் பாடகர்கள்தான்.

நான்கு ஸ்தாயி குரல் என்றார் தம்பி. 2016இல் வெளியான ஓர் ஆய்வில் அவருடைய ஒலிப்பதிவுகளையும் நேர்காணல்களையும் வைத்துக் குரலை அலசினார்கள். அந்த நான்கு ஸ்தாயிக் கதையை அவர்களால் உறுதிப்படுத்த முடியவில்லை. பேசும்போது அவர் குரல் பரிடோன் என்கிற நடுத்தர ஆண்குரல் வகை என்பதும் அதில்தான் வந்தது. சுரத்தை நீட்டும்போது வருகிற குரலின் அசைவு வழமையான பாடகர்களைவிட வேகமானது என்று அதே ஆய்வு மெச்சியும் இருக்கிறது. அதை நான் மறைக்கவில்லை.

அடுத்தது அந்தப் புகழ்பெற்ற 1975ஆம் ஆண்டுப் பாட்டு, ‘பொஹீமியன் ரப்சொடி’. நடுவில், மேல்நாட்டு இசைநாடகமான ஒபரா மாதிரிப் பாடுகிற அந்தக் கூட்டம் மூன்றே மூன்று பேருடைய குரல். பிரெடி, அவருடைய குழுவின் பிரையன் மே, ரொஜர் டெய்லர். மேலே மேலே பதிந்து பதிந்து ஒரு படையாக்கினார்கள். மேடையில் அந்த இடம் வந்ததும் குழுவினர் உள்ளே போய்விடுவார்கள், ஒலிநாடா பாடும். லைவ் எய்ட் நிதிதிரட்டும் இசைநிகழ்ச்சி என்று தம்பி மேசையைத் தட்டினாரே, அங்கே அந்தப் பகுதியை விட்டுவிட்டே அடுத்த பாட்டுக்குப் போனார்கள். நடிகமணி வைரமுத்துவின் மயான காண்டம் நாடகத்தைப் பார்த்த அப்புமார் முன்வரிசையில் இருக்கிறார்கள். மேடையில் நின்று பாடுகிற குரலுக்கும் பெட்டிக்குள் ஒட்டிச் சேர்த்த குரலுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று. லைவ் எய்ட் நடந்தது 1985 ஜூலை 13. உலகமே பார்த்தது என்றார் தம்பி. அதே நாளில்தான் பூட்டானின் திம்புவில், இலங்கை அரசோடு நடந்த பேச்சுவார்த்தையில், எங்கள் ஆட்கள் தமிழர் தரப்பின் நான்கு கோட்பாடுகளை மேசையில் வைத்தார்கள். அன்று யாழ்ப்பாணத்து வானொலிகள் எந்தச் செய்திக்குக் காத்திருந்தன என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கோ தம்பி. உலகத்துக்குக் கணக்கு எடுக்கும்போது எங்களையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, பிளான்ட் அணி அண்ணா. அவரோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. லெட் செப்பலினின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது 1969 ஜனவரியில். நான் சொல்லப்போகிற சம்பவம் 1967 ஜூனில். உச்சத்தில் கதறுகிற ரொக் குரலைப் பிளான்ட்தான் தொடக்கிவைத்தார் என்கிற வாதம் நாட்காட்டியிலேயே தோற்றுவிடுகிறது. அப்புறம், ‘ஹோல் லொட்டா லவ்’ பாட்டுக்காக வில்லி டிக்சன் என்கிற புளூஸ் கலைஞர், தன் பாட்டிலிருந்து எடுத்தார்கள் என்று வழக்குப் போட்டு, அது நீதிமன்றத்துக்கு வெளியே தீர்ந்ததை அண்ணா சொல்லாமல் விட்டுவிட்டார். நேரம் போதவில்லையாக்கும்.

இப்போது என் கட்சிக்காரிக்கு வருகிறேன்.

கலிபோர்னியாவில் மொன்டரே என்கிற ஊர். 1967 ஜூன், மூன்று நாள் இசைவிழா. டெக்சாசின் போர்ட் ஆர்தர் என்கிற எண்ணெய் ஆலைப் பட்டினத்தில் இருந்து போன 24 வயதுப் பெண் ஒருத்தி, வெளியில் அவ்வளவாகத் தெரியாத பிக் பிரதர் என்கிற குழுவோடு மேடை ஏறுகிறாள். சனிக்கிழமை பாடியபோது படம் எடுக்கக் குழுவின் தரப்பு விடவில்லை. பாடிய பாட்டுக்கு எழுந்த ஆரவாரத்தைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் ஏற்றினார்கள், ஒளிப்பதிவுக்காகவே. அந்தப் படம் இன்றைக்கும் இருக்கிறது. ‘போல் அன்ட் செயின்’ பாட்டு. தொடக்கத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் குறை சொல்வது போல ஒரு குரல். கமரா ஓரிடத்தில் அவள் காலைக் காட்டுகிறது. தாளத்துக்குக் குதி தரையில் இடித்துக்கொண்டே இருக்கிறது. பிறகு வாத்தியங்கள் ஒரேயடியாக நிற்கின்றன. குரல் மட்டும் தனியே மேலே போய், உடைந்து, உடைந்த இடத்திலேயே நின்று, அங்கிருந்து சரியான சுருதிக்கு இறங்குகிறது. சபையில் இருந்த காஸ் எலியட், தானே பெரிய பாடகி, வாயைப் பிளந்துகொண்டு இருப்பதையும் கமரா பிடித்திருக்கிறது. முடிந்ததும் ஜனிஸ் சின்னப்பிள்ளை மாதிரித் துள்ளிக்கொண்டு உள்ளே ஓடுகிறாள்.

“அது வெறும் கத்தல்” என்றார் எதிரணித் தம்பி. செத்தவீட்டில் ஒப்பாரி சொல்கிற ஆச்சிமாரைப் பார்த்திருக்கிறீர்கள்தானே? தலையில் அடித்து அழுகிறார். நடுவில் நிறுத்தி, மூக்கைச் சீறி, “பிள்ளைக்குத் தேத்தண்ணி குடுத்தாச்சோ?” என்று கேட்கிறார். அடுத்த அடியை விட்ட சுருதியிலேயே எடுக்கிறார், எதுகைகூடப் பிசகாமல். அழுகை உண்மை, கட்டுப்பாடும் உண்மை. ஜனிஸ் செய்தது அதைத்தான். புளூஸ் என்பது கறுப்பின மக்களின் துயரத்தில் பிறந்த பாட்டு. அதிலிருந்துதான் ரொக் வந்தது. குரல் உடையவே கூடாது என்று சட்டம் போட்டால் அந்த வழியில் வந்த முக்கால்வாசிப் பேரை வெளியே அனுப்பவேண்டி வரும்.

இன்னொரு பதிவையும் கேளுங்கள். 1968இல் வந்த ‘சீப் திரில்ஸ்’ தட்டு, அமெரிக்காவில் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. அதில் ‘சமர்டைம்’ என்கிற தாலாட்டு. தாலாட்டைக் கரகரத்த குரலில் பாட யாருக்குத் துணிவு வரும்? சில இடங்களில் ஒரே தொண்டையிலிருந்து இரண்டு சுரம் வருவது போலக் கேட்கும். எழுத்து எழுத்தாக நடுங்கும், ஆனால் ஒரு சொல்லும் விழாது.

இவள் யாரிடம் படித்தாள் என்று கேட்டால், ஒளிக்காமல் சொல்லுவாள். ‘போல் அன்ட் செயின்’ பிக் மாமா தோர்ன்டன் என்கிற புளூஸ் பாடகியுடைய பாட்டு. அவர் பாடக் கேட்டு, அவரிடமே அனுமதி கேட்டுப் பாடினாள். பெஸி சிமித் 1937இல் இறந்தவர். புளூஸின் பேரரசி என்று பெயர். அவருடைய கல்லறைக்கு 33 ஆண்டுகளாக ஒரு கல்கூட இல்லை. 1970இல் அந்தக் கல்லுக்குக் காசு கொடுத்த இருவரில் ஒருத்தி ஜனிஸ். மற்றவர், சிறுவயதில் பெஸி வீட்டில் வேலை செய்த ஒரு பெண்மணி. குருவுக்குக் கல் நாட்டியது குரலுக்குச் சான்று ஆகுமா என்று நடுவர் கேட்கலாம். அண்ணாவின் கட்சிக்கு வந்த வழக்கை ஒருமுறை நினைத்துவிட்டுக் கேளுங்கள்.

“மூன்று வருசம்தானே பாடினாள், போதைக்குப் பலியானவள்தானே?” என்றும் கேட்டார்கள். இந்த இடத்தில் பட்டிமன்றப் பேச்சாளர் வழக்கமாகப் பாரதியாரின் வயதை இழுப்பார். நான் இழுக்கவில்லை. ஹெரோயின் அவளை 1970 ஒக்டோபர் 4இல், 27 வயதில் கொன்றது. இதற்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. எங்கள் ஒழுங்கைகளிலும் அந்தச் சனியன் வந்திருக்கிற காலத்தில் வாங்கவும் மாட்டேன். ஆனால் போதைதான் அந்தக் குரலைத் தந்தது என்பது பொய். கடைசித் தட்டான ‘பேர்ள்’ வேலையில் புதிய குழு, போல் ரொத்சைல்ட் என்கிற கண்டிப்பான தயாரிப்பாளர். அங்கேதான் அவள் குரலை எவ்வளவு சிக்கனமாகச் செலவழிக்கத் தொடங்கியிருந்தாள் என்று தெரியும். ‘மீ அன்ட் பொபி மக்கீ’ பாட்டின் முதல் பாதியைக் கேளுங்கள். கதை சொல்கிற குரல்தான், ஒரு கத்தலும் இல்லை. அவள் போனபிறகு 1971இல் அது முதலிடத்துக்கு வந்தது.

அதே தட்டில் ‘மேர்சிடிஸ் பென்ஸ்’. ஒக்டோபர் முதலாம் திகதி பதிந்தது. கிற்றார் இல்லை, ட்ரம்ஸ் இல்லை, ஒட்டிச்சேர்த்த படை இல்லை, ஒலிநாடா இல்லை. தனிக்குரல். கார் கேட்டுக் கடவுளோடு பேரம் பேசுகிற பாட்டு. முடிந்ததும் அவள் சிரிக்கிறாள், அந்தச் சிரிப்பும் தட்டில் இருக்கிறது. ‘பெண் சிரிச்சால் போச்சு, புகையிலை விரிச்சால் போச்சு’ என்று சொல்லி வளர்த்த ஊரில் நின்று சொல்கிறேன் நடுவர் ஐயா, அந்தச் சிரிப்புக்கே தனியாகப் புள்ளி போடலாம்.

இன்னொரு பாட்டுக்கு இசையை மட்டும் பதிந்து வைத்திருந்தார்கள். குரல் பதிய வேண்டிய நாளில் அவள் இல்லை. வேறு யாரையாவது கூப்பிட்டுப் பாடவைத்திருக்கலாம், ஆள் இல்லாத தேசமா அது? குரல் இல்லாமலேயே தட்டில் போட்டார்கள். வாத்தியம் மட்டும் போகிற அந்தப் பாட்டை எதிரணி இரண்டு பேரும் இன்றிரவு கேளுங்கள். கேட்டபிறகு உங்கள் ஆளை அந்த இடத்தில் நிறுத்திப் பார்த்து, பொருந்துகிறாரா என்று நாளைக்கு எனக்குச் சொல்லுங்கள். பிரெடி தம்பி கையைத் தூக்குகிறார், மறுப்புக்கு நேரம் கேட்கிறார் போல. நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், நான் இறங்குகிறேன். நன்றி, வணக்கம்.