விரலுக்குத் தகுந்த வீக்கம்

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, நடுவர் பொறுப்பை ஏற்றிருக்கும் இசை அறிஞர் பெருமக்களே, பரிசுத் தொகையை வழங்கிவிட்டு 'என் பெயரைச் சொல்லக் கூடாது' என்று கட்டளையிட்டிருக்கும் புரவலர் அவர்களே, முதல் வரிசை ஆசிரியர்களே, அவர்கள் கண்ணில் படாமல் கடைசி வரிசையில் பதுங்கியிருக்கும் மாணவர்களே, மாணவர்களைவிட அதிகம் நடுங்கிக்கொண்டிருக்கும் பெற்றோர்களே, வணக்கம். எனக்கு முன் பேசிய பேராசிரியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ரொமாண்டிக் இசைக் காலத்தின் வரலாற்றை முழுமையாகச் சொல்லிவிட்டதால் என் வேலை பாதியாகக் குறைந்தது. அவருக்குத் தனி வணக்கம்.

பியானோ போட்டிக்கு ஒரு பெரிய ரொமாண்டிக் படைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது? நேரம், கை, மனப்பாடம், நடுவரின் காது என்று நான்கு செய்திகளோடு வந்திருக்கிறேன். நான்குக்கும் சேர்த்து ஒரே பழமொழி: விரலுக்குத் தகுந்த வீக்கம். சொல்லிவைத்தவர்கள் பியானோவைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் பியானோக்காரர்களுக்காகவே சொன்னதுபோல இருக்கிறது.

முதலில் நேரம். சொனாட்டா என்பது ஒரு நெடும் படைப்பு வகை; பி மைனர், சி மேஜர் என்பவை சுரவரிசைகளின் பெயர்கள். லிஸ்டின் பி மைனர் சொனாட்டா ஏறக்குறைய அரை மணி நேரம், இடையில் நிற்காமல் ஓடும். ஷூமனின் சி மேஜர் ஃபேன்டசியும் அவ்வளவே. பிராம்ஸின் எஃப் மைனர் சொனாட்டாவுக்கு ஐந்து பகுதிகள். அரை மணியையும் தாண்டிவிடும். உங்களுக்குக் கொடுத்திருப்பது 20 நிமிடம் என்றால் இந்த மூன்றையும் மறந்துவிடுங்கள். கதை சொல்வதுபோல் ஓடும் பியானோ படைப்பான பாலட்டில், ஷோபானின் முதல் பாலட் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நான்காம் பாலட் சற்றுக் கூடும். இசைத்தட்டின் உறையில் அச்சிட்ட நேரத்தை நம்ப வேண்டாம். நீங்கள் வாசிப்பதை, பகுதிகளுக்கு இடையில் கையைத் துடைத்துக்கொள்ளும் நேரத்தையும் சேர்த்து, அளந்து பாருங்கள்.

அடுத்து கை. அந்த முதல் பாலட்டின் தொடக்கம் யாரையும் வா என்று அழைக்கும். 'இது நம்மால் முடியும்' என்று மாணவர் படிவத்தில் எழுதிவிடுவார். ஆனால் ஷோபான் கடைசியில் 'பிரெஸ்டோ கான் ஃபுவாகோ' என்று குறித்திருக்கிறார்: மிக விரைவாக, நெருப்போடு. கை களைத்துப்போன நேரத்தில்தான் அந்த நெருப்பு வருகிறது. ஷூமனும் அதே குறும்பைச் செய்திருக்கிறார். ஃபேன்டசியின் இரண்டாம் பகுதி முடியும் இடத்தில் இரண்டு கைகளும் எதிரெதிர்த் திசைகளில் தாவ வேண்டும். அதனால் கடைசிப் பக்கத்தை முதலில் எடுத்துப் பழகுங்கள். பாதி வேகத்தில்கூட அது சுத்தமாக வரவில்லை என்றால், அந்தப் படைப்பு இந்த ஆண்டுக்கு உரியதன்று. சிறிய கை ஒரு குறையே இல்லை. பிராம்ஸின் அகலமான கார்டுகளை, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டுகளை, பிடிக்க அதை இழுத்து வலியை வாங்கிக்கொள்வதுதான் குறை. விரலுக்குத் தகுந்த வீக்கம்!

இனி நடுவரின் காது. தலைவர் சிரிக்கிறார். எந்த மேடை ஏறினாலும் இவன் கடைசியில் அங்கேதான் போய் நிற்பான் என்று அவருக்குத் தெரியும். ஆம், தம்பியின் புகழில் மறைந்துபோன இசையமைப்பாளர் ஃபானி மெண்டல்சோனிடம்தான் போகிறேன்.

1842 கோடையில் ஃபானியின் தம்பி, புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஃபெலிக்ஸ் மெண்டல்சோன் பக்கிங்ஹாம் அரண்மனைக்குப் போனார். நடந்ததை எல்லாம் அம்மாவுக்குக் கடிதமாக எழுதியிருக்கிறார். விக்டோரியா அரசியார் அறைக்குள் வருகிறார். காற்று இசைத்தாள்களை அறை முழுதும் சிதறடித்திருக்கிறது. பாதி உலகை ஆண்ட அரசியே அவற்றைப் பொறுக்க ஆரம்பிக்கிறார். பிறகு அவர் பாட வேண்டும் என்று முடிவாகிறது. ஆனால் அறையில் ஒரு கிளி. அது என்னைவிடச் சத்தமாகக் கத்தும், முதலில் அதை வெளியேற்றுங்கள் என்கிறார் அரசியார். மணி அடிக்கிறார்கள், ஓர் இளவரசர் நான் எடுத்துப்போகிறேன் என்கிறார், நம் ஃபெலிக்ஸ் முந்திக்கொண்டு, அவ்வளவு பெரிய கூண்டைத் தூக்கிப்போய் வேலைக்காரர்கள் கையில் கொடுத்துவிட்டு வருகிறார். அவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! பிறகு ஃபெலிக்ஸின் முதல் பாடல் தொகுப்பிலிருந்து அரசியார் தமக்குப் பிடித்த பாட்டைத் தேர்ந்தெடுத்து அருமையாகப் பாடுகிறார். பாடி முடித்ததும் ஃபெலிக்ஸ் தயங்கித் தயங்கி உண்மையைச் சொல்கிறார்: அரசியாரே, இது என் அக்காள் எழுதியது.

நீங்கள் கைதட்டுகிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது. ஃபானியின் பாடல்கள் ஆறு, தம்பியின் எட்டாம், ஒன்பதாம் எண் தொகுப்புகளில் தம்பி பெயரிலேயே அச்சாயின. உனக்கு இசை ஓர் அணிகலனாக மட்டுமே இருக்க முடியும் என்று அப்பா அவருக்கு எழுதியது 1820இல். அப்போது ஃபானிக்கு 14 வயது. 1828இல் அவர் எழுதிய ஈஸ்டர் சொனாட்டாவின் கையெழுத்துப் பிரதி 1970இல் பாரிஸில் கிடைத்தபோது, அதில் 'எஃப். மெண்டல்சோன்' என்று இருந்ததைப் பார்த்துத் தம்பியின் பெயரில் இசைத்தட்டு போட்டார்கள். அது ஃபானியுடையது என்று 2010இல்தான் நிறுவப்பட்டது. ஷூமனின் மனைவி கிளாரா ஷூமன் 1841–42இல் எழுதிய ஜி மைனர் சொனாட்டா அச்சேறியது 1991இல்!

நடுவர் பெருமக்களே, காலையிலிருந்து ஷோபானின் அந்த முதல் பாலட்டை எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்? ஒவ்வொரு முறையும் உங்கள் மனத்தில் ஏற்கெனவே ஒலிக்கும் பெரிய கலைஞர்களின் வாசிப்போடு அந்தப் பிள்ளை போட்டியிட வேண்டியிருக்கிறது. அதே பிள்ளை கிளாராவின் இருபதாம் எண் படைப்பை, ஒரே மெட்டைப் பலவாறு மாற்றி எழுதிய மாறுபாடுகளை, வாசித்தால் நீங்கள் புதிதாகக் காது கொடுப்பீர்கள். கணவர் ஷூமனின் மெட்டின் மேல் 1853இல் எழுதியது. பத்து நிமிடத்தை ஒட்டியது. நீளம் கூடுதலாக வேண்டுமா? ஃபானி 1841இல் ஆண்டின் பன்னிரண்டு மாதங்களுக்கும் மாதத்துக்கு ஒன்றாகப் பியானோ படைப்புகள் எழுதினார். முழுத் தொகுப்பு எந்தப் போட்டிக்கும் அடங்காது. ஆனால் மூன்று நான்கு மாதங்களைச் சேர்த்து எடுத்தால் உங்கள் நேரத்துக்கு ஏற்ப அமையும். எந்த மாதம் உங்கள் கைக்கு வரும் என்று வாசித்துப் பாருங்கள். விரலுக்குத் தகுந்த வீக்கம் இங்கேயும்தான்.

'தெரியாத படைப்பை வாசித்தால் மதிப்பெண் குறையும்' என்று ஆசிரியர்கள் சிலர் பயமுறுத்துகிறார்கள். 2009இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பியானோ போட்டியில் முதல் பரிசு வென்ற முதல் பெண் சோஃபியா குல்யாக். 2017 மார்ச் 8 அன்று லண்டனில் ஈஸ்டர் சொனாட்டாவை ஃபானியின் பெயரிலேயே வாசித்தவரும் அவரே. அவருக்கு இல்லாத பயம் உங்களுக்கு எதற்கு?

ஏற்பாட்டாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விதிமுறைத் தாளில் ரொமாண்டிக் படைப்புகளின் பட்டியலில் இந்த இருவரின் பெயரையும் அச்சிடுங்கள். 'இவை போன்ற பிற' என்ற வரிக்குள் அவர்களை அடைத்துவிடாதீர்கள். புரவலர் அவர்கள் மனம் வைத்தால் அதற்கென்று ஒரு தனிப் பரிசும் வைக்கலாம். அவர் தலையசைத்ததாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். மனப்பாடத்தைப் பற்றிச் சொல்ல நேரமில்லை, தலைவர் மணியின் மேல் கை வைத்துவிட்டார். வணக்கம்.