பொம்மைக்கு அழுதவர்கள் நாங்கள்

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணித் தோழர்களுக்கும், மணி பத்தரை ஆகியும் நாற்காலியை விட்டு எழாத உங்களுக்கும் வணக்கம். எனக்குக் கொடுத்திருப்பது பன்னிரண்டு நிமிடம். வணக்கத்திலேயே இரண்டைச் செலவழிக்க மனமில்லை.

2019-இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' என்ற ஹாலிவுட் சூப்பர்ஹீரோ படத்தை உலகம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியதற்குக் காரணம் படத்தின் தரமா, ரசிகர்களின் பாசமா? இதுதான் தலைப்பு. நான் பாசத்தின் பக்கம்.

எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் அண்ணன் கணக்கு வழக்கெல்லாம் எடுத்து வைத்தார். 35 கோடி டாலருக்கு மேல் செலவு. முதல் வார இறுதியில் மட்டும் உலகம் முழுக்க 120 கோடி டாலர் வசூல். மொத்தத்தில் ஏறக்குறைய 280 கோடி டாலர். விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் இணையதளக் கணக்கில் விமர்சகர்களில் நூற்றுக்கு 94 பேர் நல்ல படம் என்றார்கள். அமெரிக்காவில் படம் பார்த்து வெளியே வருகிறவர்களிடம் மதிப்பெண் வாங்கும் சினிமாஸ்கோரில் ஏ பிளஸ். எல்லாம் சரி. ஒன்றைக்கூட நான் மறுக்கவில்லை. ஆனால் "இவ்வளவும் தரத்துக்குக் கிடைத்த கூலி" என்று முடித்தார் பாருங்கள், அங்கேதான் எனக்கும் அண்ணனுக்கும் வழக்கு.

ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். கடைசிச் சண்டையில் கேப்டன் அமெரிக்கா, தகுதி உள்ளவரால் மட்டுமே தூக்க முடிகிற தோரின் சுத்தியலைக் கையில் பிடிக்கிறார். தியேட்டர் இடிந்து விழுகிற மாதிரி சத்தம். அமெரிக்காவிலும் அதே சத்தம், மதுரையிலும் அதே சத்தம். ஏன்? ஒரு ஆள் ஒரு சுத்தியலைத் தூக்குகிறார், அவ்வளவுதானே? அதற்குக் காரணம் அந்தப் படத்திலேயே இல்லை அண்ணா. 2015-இல் வந்த படத்தில், ஒரு விருந்தில், இதே கேப்டன் இதே சுத்தியலைத் தூக்கிப் பார்ப்பார். அது லேசாக அசையும். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியை நான்கு வருடம் மனசுக்குள் பொத்தி வைத்திருந்தவன்தான் 2019-இல் சீட்டு மேல் ஏறி நின்று கத்தினான். அவன் கத்தியதைத் தரம் என்ற கணக்கில் எழுத முடியுமா?

எண்ட்கேம், மார்வெல் கம்பெனி ஒரே தொடராக எடுத்த படங்களில் 22-ஆவது. மூன்று மணி நேரம் ஒரு நிமிடம். முதல் ஒரு மணி நேரத்தில் பெரிய சண்டை கிடையாது. தோற்றுப்போனவர்கள் உட்கார்ந்து செத்தவர்களை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முந்தின 21 படத்தில் ஒன்றைக்கூடப் பார்க்காதவரைக் கூட்டிக்கொண்டுபோய் உட்கார வையுங்கள். யார் எதற்கு அழுகிறார்கள் என்றே புரியாது. இன்னொன்று, இதே கம்பெனி 2023-இல் 20 கோடி டாலருக்கு மேல் போட்டு 'தி மார்வெல்ஸ்' எடுத்தது. அதே கம்ப்யூட்டர் வேலை, அதே பறக்கிற ஆட்கள். உலகம் முழுக்க வந்த வசூலே 20 கோடி டாலர் சொச்சம்தான். காசும் கலையும் இருந்தன. ஜனம் வரவில்லை.

இதோடு என் வாதம் முடிந்தது. இனி என் மாமியாரைப் பற்றிச் சொல்லப் போகிறேன்.

சிரிக்காதீர்கள். மருமகள் மேடை ஏறி மாமியாரைப் பற்றி நல்லதாகச் சொல்வதை நிதானமாகக் கேளுங்கள்.

எங்கள் மாமா, என் வீட்டுக்காரரின் அப்பா, திருப்பாச்சேத்திப் பக்கம் கொல்லுப்பட்டறை வைத்திருந்தவர். திருப்பாச்சேத்தி அரிவாள் என்றால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரிவாள், கடப்பாரை, மண்வெட்டி, வண்டிப் பட்டா, எது வந்தாலும் அடிப்பார். விடிகாலை நாலரைக்குத் துருத்தி ஊத ஆரம்பித்தால் தெருவே எழுந்துவிடும். மாமா சம்மட்டி போட, அத்தை குறட்டால் இரும்பைத் திருப்பிக் கொடுப்பார். அத்தையின் முன்னங்கையில் தீப்பொறி பட்ட தழும்பு கோலப்புள்ளி மாதிரி வரிசையாக இருக்கும்.

மாமா சினிமா பார்க்கிற ஆள் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் முதல் அயர்ன் மேன் படம், 2008-இல் வந்தது, தமிழில் ஓடுகிறது. என் பையன் பார்த்துக்கொண்டிருக்கிறான். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே கிளம்புகிறார். அந்த நேரம் பார்த்துத் திரையில் அந்தக் குகைக் காட்சி. அயர்ன் மேன் ஆகப் போகிற டோனி ஸ்டார்க் கைதியாக இருக்கிறான். இரும்பைக் காய்ச்சுகிறான், சம்மட்டியை ஓங்கி அடிக்கிறான். டங்... டங்... மாமா வாசல்படியில் நின்றுவிட்டார். "யாருடா இவன்?" என்று கேட்டார். பையன் சொன்னான். மாமா அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். படம் முடிந்து ஒரே வார்த்தைதான் சொன்னார்: "பணக்காரப் பயதான். ஆனா கைவேலை தெரிஞ்சவன். இவன் நம்மாளு."

அதற்குப் பிறகு எந்தச் சானலில் எந்த மார்வெல் படம் போட்டாலும் தாத்தாவும் பேரனும் முன்வரிசை. நடுவில் அத்தை, வெங்காயம் உரித்துக்கொண்டே. அத்தைக்குப் பெயரெல்லாம் வாயில் நுழையாது. டோனி ஸ்டார்க் 'இரும்புத் தம்பி'. தோர் 'சுத்தியல்காரரு'. ஹல்க் 'பச்சைப் பய'. கேப்டன் அமெரிக்கா 'சட்டி மூடி'. அந்தக் கேடயத்தைப் பார்த்தால் அவருக்கு அப்படித்தான் தோன்றியிருக்கிறது. "சட்டி மூடிக்கும் இரும்புத் தம்பிக்கும் இன்னுமா சண்டை தீரலை?" என்று எங்கள் வீட்டில் பங்காளிச் சண்டையை விசாரிக்கிற அக்கறையோடு கேட்பார்.

2018 கடைசியில் மாமா காலமானார். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

2019 ஏப்ரல் 26, எண்ட்கேம் வந்தது. பையன் சிநேகிதர்களோடு முதல் நாளே போய்விட்டான். கண் வீங்கி வீடு வந்தான். படத்தை எடுத்த ரூஸோ சகோதரர்கள் முடிவைச் சொல்லிக் கெடுத்துவிடாதீர்கள் என்று ரசிகர்களுக்குக் கடிதமே எழுதியிருந்தார்கள். அதை இவன் சத்தியப் பிரமாணமாக எடுத்துக்கொண்டான். அத்தை பின்னாலேயே போகிறார். "என்னாச்சு ராசா? யாரும் செத்துட்டாகளா?" பையன் வாயைத் திறக்கவில்லை. "சுத்தியல்காரரா?" பதில் இல்லை. "சட்டி மூடியா?" பதில் இல்லை. "இரும்புத் தம்பி நல்லாத்தானே இருக்கு?" என்றதும் பையன் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அத்தை அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் என்னிடம் வந்து, "தாயி, என்னைய அந்தப் படத்துக்குக் கூட்டிப் போ" என்றார். 68 வயது. தியேட்டருக்குள் போய் இருபது வருடம் ஆகியிருந்தது.

ஒரு வாரம் கழித்துத்தான் டிக்கெட் கிடைத்தது. மதுரையில் மாலைக் காட்சி. தமிழில் ஏ.ஆர். முருகதாஸ் வசனம் எழுதியிருந்தார். டோனி ஸ்டார்க்குக்கு விஜய் சேதுபதி குரல். படம் ஆரம்பித்துப் பத்து நிமிடம் இருக்கும், அத்தை என் கையைப் பிடித்தார். "தாயி, தம்பிக்கு உடம்பு சரியில்லையா? குரல் வேற மாதிரி இருக்கே. தொண்டை கட்டிருச்சா?" விண்வெளியில் சோறு தண்ணி இல்லாமல் ஒட்டி உலர்ந்து கிடக்கிற ஆள் அல்லவா? அதனால்தான் குரல் மாறிவிட்டது என்று அவரே முடிவு செய்துகொண்டு உச்சுக்கொட்டினார். அந்தச் சமயத்தில் தமிழ் ரசிகர்கள் பலர் பழைய குரலே வேண்டும் என்று கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும். விஜய் சேதுபதி பெரிய கலைஞர். ஆனால் பிள்ளையின் குரல் லேசாக மாறினாலும் பெற்றவளுக்குத் தெரிந்துவிடும். ஊர் பேர் தெரியாத ஒரு அமெரிக்கக் கதாபாத்திரத்தின் குரல், டிவியில் மட்டுமே பார்த்த கிழவிக்கு, இருட்டில் தெரிகிறது. இதற்குப் பெயர் என்ன அண்ணா?

இதைக் கேட்டுவிட்டுத்தான் பேராசிரியர் அண்ணன் இடையில் மைக்கை வாங்கி ஒன்று சொன்னார். "பொம்மைப் படத்துக்கு அழுதவர்கள் பேச்சையெல்லாம் சபையில் எடுத்துக்கொள்ளலாமா?" நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலைத் திருப்பி வாங்காமல் நான் இறங்கப் போவதில்லை.

பொம்மைக்கு அழுவது நமக்குப் புதிதா? தோல்பாவைக்கூத்து பார்த்தவர்கள் கை தூக்குங்கள். அதோ, பின்வரிசையில் பெரியவர்கள் தூக்குகிறார்கள். ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, சாயம் தீட்டி, வெள்ளை வேட்டிக்குப் பின்னால் விளக்கு வைத்து ஆட்டுவது. பின்னால் உட்கார்ந்து ஆட்டுகிறவர் ஒரே ஆள். நல்லதங்காளும் அவரே, மூளி அலங்காரியும் அவரே, பசியில் அழுகிற ஏழு பிள்ளைகளும் அவரே. விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயிலே இருக்கிறது. அந்தத் தாய் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கிணற்றில் போடும்போது வேட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். கிணற்றில் விழுந்தது என்ன? அரையடி ஆட்டுத்தோல். அது தோல்தான் என்று அவர்களுக்குத் தெரியாதா? பகலில் அந்தத் தோலை வெயிலில் காயப் போட்டிருந்ததைப் பார்த்தவர்கள்தானே! தெரிந்தேதான் அழுதார்கள். வடக்கே திரௌபதியம்மன் கோயிலில் துரியோதனன் சாவதை நடத்திக் காட்டுகிற படுகளத்துக்குப் போய்ப் பாருங்கள். துரியோதனன் வெறும் மண் உருவமாகத்தான் கிடப்பான். ஊரே அவனைச் சுற்றி நிற்கும்.

ஹாலிவுட் இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி, 2019 அக்டோபரில், இந்தப் படங்கள் சினிமாவே இல்லை, கேளிக்கைப் பூங்கா மாதிரி என்று சொன்னதையும் அண்ணன் எடுத்துக் காட்டினார். ஸ்கார்செஸியை நான் மதிக்கிறேன். அவர் திரையில் ஓடுவதை வைத்துச் சொன்னார். நான் திரைக்கு எதிரே இருட்டில் உட்கார்ந்திருந்தவர்களை வைத்துப் பேசுகிறேன். இன்றைய தலைப்பு கேட்பதும் அவர்களைப் பற்றித்தான்.

நடுவர் மணியைத் தொடுகிறார். இரண்டு நிமிடம் கொடுங்கள் ஐயா. மாமா காலமானதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன் என்றேனே, அதைச் சொல்லிவிடுகிறேன்.

பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. எடுக்கிற வரைக்கும் அத்தை அழவில்லை. பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் அழவில்லை. வருகிறவர்களுக்குக் காப்பி கொடுத்தார், பாத்திரத்தை எண்ணி அடுக்கினார். பட்டறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். நாலு மாதம், ஐந்து மாதம். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. எங்களுக்கெல்லாம் பயமாகிவிட்டது.

எண்ட்கேமில் டோனி ஸ்டார்க் சாகிறான். அவன் வீட்டு ஏரிக்கரையில் இறுதிச் சடங்கு. யாரும் பேசுவதில்லை. கேமரா ஒவ்வொரு முகமாக நகர்கிறது. டோனி குகையில் தன் கையால் செய்து நெஞ்சில் மாட்டியிருந்தானே, அந்தச் சின்னக் கருவியை மலர்வளையத்தில் வைத்துத் தண்ணீரில் விடுகிறார்கள். அத்தை அதைப் பார்த்தார். "அவன் கையால செஞ்சது" என்றார். அவ்வளவுதான். தலையை என் தோளில் முட்டிக்கொண்டு அழுதார். முன்வரிசையில் இருந்த காலேஜ் பையன் ஒருவன் திரும்பிப் பார்த்தான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது. தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

படம் முடிந்தது. ஆறு முக்கிய நடிகர்களின் கையெழுத்து ஒவ்வொன்றாகத் திரையில் வந்து போனது. அப்புறம் பெயர்ப்பட்டியல். மார்வெல் படத்தில் அதற்குப் பிறகு ஒரு காட்சி வரும் என்று காத்திருப்பது வழக்கம். இந்தப் படத்தில் எதுவும் வரவில்லை. கூட்டம் கிளம்பிவிட்டது. கூட்டுகிற அம்மா விளக்குமாற்றோடு உள்ளே வந்துவிட்டார். "போகலாம் அத்தை" என்றேன். கால் மரத்துப் போச்சு, கொஞ்சம் இரு என்றார். திரை கறுப்பாகிவிட்டது.

அந்தக் கறுப்பிலிருந்து ஒரு சத்தம். டங்... டங்... டங்...

2008-இல், குகைக்குள், அவன் இரும்படித்த சத்தம். படம் எடுத்தவர்கள் கடைசிக் கடைசியாக வைத்தது அதைத்தான்.

அத்தை எழுந்து நின்றுவிட்டார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பட்டறையில் நிற்பது மாதிரியே நின்றார். சத்தம் நின்ற பிறகும் உட்காரவில்லை. "உங்க மாமா இப்படித்தான் தாயி, மூணு அடி போட்டு ஒரு மூச்சு விடுவாரு" என்றார்.

மறுநாள் காலை நாலரை மணிக்குப் பட்டறைப் பூட்டு திறக்கிற சத்தம் கேட்டு நான் எழுந்தேன்.