ஹாலுக்கும் ராபர்ட்ஸுக்கும் நடுவே ஒருவர்

அனைவருக்கும் வணக்கம்.

மேற்கிந்தியத் தீவுகளின் வேகப்பந்துக் கதையை யாரிடம் கேட்டாலும் வெஸ் ஹால், சார்லி கிரிஃபித் என்றுதான் ஆரம்பிப்பார்கள். அடுத்த மூச்சிலேயே ஆண்டி ராபர்ட்ஸ், ஹோல்டிங், மார்ஷல் என்று தாவிவிடுவார்கள். ஹாலும் கிரிஃபித்தும் கடைசி டெஸ்ட் ஆடியது 1969 தொடக்கத்தில். ராபர்ட்ஸ் வந்து சேர்ந்தது 1974-இல். சரி, இடைப்பட்ட ஐந்து வருஷம் புதுப்பந்தை யார் போட்டார்கள்?

பலர் போட்டார்கள், பலரும் நிலைக்கவில்லை. நிலைத்தவர் வான்பர்ன் ஹோல்டர்.

1945 அக்டோபரில் பார்படாஸில் பிறந்தவர். முப்பத்து நான்கு கிலோமீட்டர் நீளம்கூடத் தாண்டாத அந்தத் தீவு, சோபர்ஸ், ஹால், கிரிஃபித், மார்ஷல், கார்னர் எல்லோரையும் பெற்றது. அப்படிப்பட்ட ஊரில் மிதவேகக்காரராக இருப்பது கொஞ்சம் சங்கடமான பிழைப்புதான். ஹோல்டர் நெடுநெடுவென்று உயரம். ஆனால் மட்டையாளரைப் பயமுறுத்தும் வேகம் கிடையாது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பந்தைக் குத்தி, காற்றிலோ தரையிலோ கொஞ்சம் நகரவிட்டு, மட்டையின் விளிம்பைத் தேடுகிற ரகம்.

1968-இல் இங்கிலாந்துக் கவுண்டிகள், அதாவது மாவட்ட அணிகள், வசிப்புத் தகுதிக்காகக் காத்திருக்க வைக்காமல் வெளிநாட்டு வீரர்களை எடுக்க ஆரம்பித்தன. சோபர்ஸ் நாட்டிங்ஹாம்ஷைருக்குப் போனார், ஹோல்டர் வொர்ஸ்டர்ஷைருக்குப் போனார். ஈரத்தரை, குளிர், வாரம் முழுக்க ஆட்டம். அடுத்த வருஷமே ஓல்ட் டிராஃபோர்டில் டெஸ்ட் அறிமுகம். 1974-இல் வொர்ஸ்டர்ஷைர் கவுண்டி சாம்பியன் ஆனபோது அந்த அணியின் புதுப்பந்து இவர் கையில்தான்.

ஆனால் நாட்டுக்காக அவர் ஆடிய ஆரம்ப வருஷங்கள் வறட்சிக்காலம். 1967 தொடக்கத்தில் இந்தியாவில் தொடரை ஜெயித்த மேற்கிந்திய அணி, அதற்கப்புறம் 1973 வரை எந்தத் தொடரையும் ஜெயிக்கவில்லை. மறுமுனையில் மிரட்ட ஆளில்லாதபோது மிதவேகக்காரர் பாடு என்ன ஆகும்? மட்டையாளர்கள் இவரைப் பொறுமையாக ஆடிக் கடத்திவிட்டு, அந்தப் பக்கம் ரன் எடுத்துக்கொள்வார்கள். 40 டெஸ்டில் 109 விக்கெட், சராசரி முப்பத்து மூன்றுக்கு மேல். இதைப் பார்த்து 'சுமார்' என்று சொல்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் அந்தக் காலத்து ஸ்கோர் அட்டைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

பந்து அவர் பேச்சைக் கேட்ட நாட்களும் உண்டு. 1975 ஜனவரி, வான்கடே மைதானத்தின் முதல் டெஸ்ட். தொடர் 2-2. கேப்டன் லாயிட் ஆட்டமிழக்காமல் 242 அடித்தார் என்பது ஊருக்கே தெரியும். கடைசி இன்னிங்ஸில் இந்தியா 202-க்குச் சுருண்டது யாரால்? 39 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்த ஹோல்டரால். அடுத்த வருஷம் ஜமைக்காவின் சபைனா பார்க்கில், சுழலை நம்பாமல் லாயிட் நான்கு வேகங்களோடு இறங்கினாரே, இந்திய அணியில் ஐந்து பேர் இரண்டாவது இன்னிங்ஸில் மட்டை பிடிக்கவே முடியாமல் போனதே, அந்த நால்வரில் ஒருவர் இவர். பிரிஜேஷ் படேலின் வாயில் தையல் போட வைத்தது இவருடைய பந்து. சாதுவென்று நினைத்துவிட வேண்டாம்.

1975 உலகக்கோப்பை இறுதி ஆட்டத்துக்கு வருகிறேன். லார்ட்ஸ், ஜூன் 21, இரவு எட்டரை தாண்டியும் வெளிச்சம். ஆஸ்திரேலியாவின் கடைசி ஜோடி, லில்லியும் தாம்சனும், அடித்துக்கொண்டே வருகிறார்கள். ஹோல்டர் போட்ட பந்தைத் தாம்சன் தூக்கி அடிக்க, ஃபிரெடரிக்ஸ் பிடித்துவிட்டார். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. நடுவர் 'நோபால்' என்று சொன்னது யார் காதிலும் விழவில்லை! ஃபிரெடரிக்ஸ் ஸ்டம்பைப் பார்த்து எறிந்த பந்து கூட்டத்துக்குள் போய்த் தொலைந்தது. மட்டையாளர்கள் இருவரும் ஓடிக்கொண்டே இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில், அதே ஹோல்டர் பந்தில் தாம்சன் ரன் அவுட்; 17 ரன்னில் கோப்பை. ஹோல்டரின் கணக்கு: 11.4 ஓவர், 65 ரன், விக்கெட் இல்லை. உலகக்கோப்பையின் கடைசிப் பந்தைப் போட்டவருக்கு விக்கெட் கணக்கில் பூஜ்யம்.

1978-இல், ஆஸ்திரேலிய ஊடக முதலாளி கெர்ரி பேக்கர் தனியாக நடத்திய ஆட்டங்களுக்கு வீரர்களை இழுத்த விவகாரத்தில் லாயிட் குழு விலகிக்கொண்டபோது, காளிச்சரண் தலைமையில் ஒட்டுப்போட்ட அணி ஒன்று அமைந்தது. முப்பத்திரண்டு வயது ஹோல்டரைக் கூப்பிட்டார்கள். போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 28 ரன்னுக்கு 6 விக்கெட். அவருடைய ஆகச்சிறந்த டெஸ்ட் பந்துவீச்சு இதுதான். அடுத்த டெஸ்ட் கிங்ஸ்டனில். கடைசி நாள், மேற்கிந்திய அணி தோல்வியின் விளிம்பில், 38 பந்துகள் பாக்கி, மட்டை பிடித்து நின்றவர் ஹோல்டர். ஆஸ்திரேலியாவின் ஹிக்ஸ் பந்தில் கீப்பர் கேட்ச் என்று நடுவர் கைதூக்க, ஹோல்டர் நம்பாமல் அங்கேயே தயங்கி நின்றார். அவ்வளவுதான், கூட்டத்திலிருந்து கல்லும் பாட்டிலும் நாற்காலியும் பறந்து, ஆட்டமே கைவிடப்பட்டது.

அந்த மனிதர் ஓய்வுக்குப் பிறகு என்ன வேலை பார்த்தார் தெரியுமா? நடுவர் வேலை! 1992 முதல் 2010 வரை இங்கிலாந்துக் கவுண்டி ஆட்டங்களில் விரல் தூக்கிக்கொண்டிருந்தார். அவுட் கொடுத்தும் நகராமல் நிற்கும் ஆட்களின் மனசு அவருக்குத் தெரியாததா என்ன?