மிட்டாய்த் தாளை எதற்குச் சேர்த்தார்கள்?

எல்லோருக்கும் வணக்கம். யூத இனப்படுகொலை பற்றிய ஆய்வு, இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு பல்கலைக்கழகங்களில் பிறந்த துறை என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். தப்பு. சாகப்போகிறவர்களே அதைத் தொடங்கிவிட்டார்கள்.

1940 நவம்பரில் போலந்தின் வார்சா நகரத்து யூதர்களை நாஜிகள் ஒரு பகுதிக்குள் தள்ளிச் சுவர் வைத்து அடைத்தார்கள். அந்த அடைப்புக்குப் பெயர் கெட்டோ. நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். அவர்களில் ஒருவர் இம்மானுவேல் ரிங்கெல்ப்ளூம். இடைக்கால வார்சா யூதர்களைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றவர். பழைய ஏடுகளோடு மல்லுக்கட்டியவருக்குத் தெரியாதா, எழுதி வைத்தவன் சொல்வதுதான் பின்னால் நிற்கும் என்று? கொன்றவர்களின் கோப்புகள் மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும்?

ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், ஒரு ரபி (யூத மதகுரு) என்று பலரைச் சேர்த்துக்கொண்டார். யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமைகளில் ரகசியமாகக் கூடினார்கள். குழுவுக்குப் பெயர் ‘ஓனெக் ஷபாத்’, அதாவது ஓய்வுநாளின் மகிழ்ச்சி. நாட்குறிப்பு, ரேஷன் அட்டை, டிராம் டிக்கெட், ரகசியப் பத்திரிகை, பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை எல்லாம் சேர்த்தார்கள். மிட்டாய்த் தாள் கூட!

எனக்கு அந்த மிட்டாய்த் தாள்தான் முக்கியம். ஜனங்கள் பசியில் தெருவிலேயே விழுந்து செத்த இடத்தில், மிட்டாய் செய்து விற்றவரும் இருந்திருக்கிறார், காசு கொடுத்து வாங்கித் தின்றவரும் இருந்திருக்கிறார். அந்த ஏற்றத்தாழ்வை இவர்கள் மூடி மறைக்கவில்லை. நாஜிகளின் உத்தரவுப்படி கெட்டோவுக்குள் வேலை பார்த்த யூதப் போலீஸ்காரர்கள் செய்த அட்டூழியத்தையும் எழுதி வைத்தார்கள். செத்தவர்கள் எல்லோரையும் தெய்வமாக்கிவிடுவது நமக்குச் சுலபம். உள்ளே இருந்தவர்கள் அப்படிச் செய்யவில்லை.

1942 ஜூலை 22 அன்று ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ரயில்கள் கிளம்பத் தொடங்கின. ஆகஸ்ட் 3 அன்று நோவொலிப்கி தெருப் பள்ளிக்கூடத்துக்கு அடியில் பத்துத் தகரப் பெட்டிகளைப் புதைத்தார்கள். குழி தோண்டியவர்களில் டேவிட் கிராபருக்கு வயது 19. உலகத்திடம் கத்திச் சொல்ல முடியாததை மண்ணில் புதைக்கிறோம் என்று எழுதி அதையும் உள்ளே வைத்தான். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் இன்னொரு பகுதி, இரண்டு பால் கேன்களில் உள்ளே போனது.

1944 மார்ச்சில் ரிங்கெல்ப்ளூம் மனைவி, மகனோடு கொல்லப்பட்டார். குழுவில் தப்பியவர்கள் மூன்றே பேர். அவர்களில் ராகேல் அவுவர்பாக் என்ற பெண்மணி, கெட்டோவில் கஞ்சித்தொட்டி நடத்தியவர். இடிபாடுகளுக்குள் தேடியே ஆக வேண்டும் என்று போருக்குப் பின் விடாமல் வற்புறுத்தினார். தெரு என்று சொல்ல அங்கே எதுவும் மிச்சமில்லை. செங்கல் குவியல்தான். 1946 செப்டம்பரில் பெட்டிகள் கிடைத்தன. உள்ளே தண்ணீர் புகுந்து மை கலைந்திருந்தது. தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காயவைத்தார்கள்.

பால் கேன்கள் 1950 டிசம்பரில் கட்டட வேலையின்போது அகப்பட்டன. மொத்தம் சுமார் 35,000 பக்கங்கள். வார்சாவின் யூத வரலாற்று நிறுவனத்தில் இருக்கின்றன. மூன்றாவதாகவும் ஒரு பகுதியைப் புதைத்தார்கள். அதைத் தேடினார்கள், இன்னும் கிடைக்கவில்லை.